பூனைக்குக் காப்புறுதி

1879 பிப்ரவரியில் இசபெல்லா பேர்ட் என்ற ஆங்கிலேயப் பயணி யானைமேல் ஏறிக் கோல கங்சாருக்கு வந்தார். பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோ அப்போது வீட்டில் இல்லை. சாப்பாட்டு மேசையில் பேர்ட்டுக்குத் துணையாக உட்கார்ந்தவை லோ வளர்த்த இரண்டு குரங்குகள். மஹ்மூத், எப்லிஸ் என்று பெயர். பணியாள் பரிமாற, குரங்குகளோடு உட்கார்ந்து சாப்பிட்ட கதையை அந்த அம்மையார் தன் பயண நூலில் ரசித்து எழுதியிருக்கிறார். நூல் 1883-ல் வெளிவந்தது. குரங்குகளின் பெயர் இன்னும் அச்சில் இருக்கிறது.

அதே லோவின் காலத்தில், அதே கோல கங்சாரில்தான் 1877-ல் சிங்கப்பூரிலிருந்து வந்த ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அந்தக் கால மரம் ஒன்று இன்றும் நிற்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றிவந்து காட்டுவார்கள். நானும் போய்ப் பார்த்திருக்கிறேன். அந்தத் தொழிலுக்காகக் கப்பலேறிய தமிழர்கள் லயத்தில் நாய் வளர்த்தார்கள், ஆடு வளர்த்தார்கள், பூனை வளர்த்தார்கள். அவற்றின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. வளர்த்தவர்களின் பெயரே செக்ரோலில் பாதி தப்பாகத்தான் ஏறியிருக்கும்.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்க ஆரம்பித்ததற்குக் காரணம் பெரிய வரலாற்று ஆர்வம் ஒன்றுமில்லை. ஈப்போவில் என்னோடு இரண்டு பூனைகள் இருக்கின்றன. ஒன்று மணி, வயது ஒன்பது. இன்னொன்று தங்கம், செம்மஞ்சள் கடுவன், இரண்டு வயது. இவற்றுக்கு மருத்துவக் காப்புறுதி எடுக்கலாமா என்று ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் சொன்னதும் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "நமக்கே மெடிக்கல் கார்டு இல்ல, பூனைக்கு எதுக்கும்மா?"

அந்த 'நமக்கே' என்ற சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. அம்மா சொன்னது கஞ்சத்தனம் இல்லை. அதில் ஒரு வரிசை இருக்கிறது: முதலில் யார், அப்புறம் யார் என்ற வரிசை. இந்த வரிசையை யார் போட்டது, எப்போது போட்டது என்று பார்க்கலாமே என்றுதான் உள்ளே போனேன்.

முதலில் ஒரு கணக்குக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். அம்மா ஈப்போ பெரியாஸ்பத்திரிக்குப் போனால், அதாவது ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு, வெளிநோயாளியாக 1 வெள்ளி, நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. என்னோடு வேலை செய்யும் ஒருவருடைய கடுவன் பூனைக்கு மூத்திரம் அடைத்துக்கொண்டது. தனியார் கிளினிக்கில் குழாய் போட்டு, மூன்று நாள் வைத்திருந்து அனுப்பியதற்கு ஆயிரம் வெள்ளிக்கு மேல் பில். "மனுஷனுக்கு ஒரு வெள்ளி, பூனைக்கு ஆயிரமா" என்று கேட்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அம்மாவின் சிகிச்சைக்கும் ஆயிரக்கணக்கில் செலவாகிறது. மிச்சத்தை அரசாங்கக் கஜானா கட்டுகிறது. பூனையின் பில்லில் நாம் பார்ப்பது மறைப்பு எதுவும் இல்லாத முழு விலை. மாவட்டக் கால்நடை அலுவலகங்களிலும் பூனை, நாய் பார்ப்பார்கள், கட்டணமும் குறைவு. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு மூத்திரம் அடைத்தால் அங்கே போக முடியாது. கடுவனுக்கு அப்படி அடைத்துக்கொண்டால் ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும்.

உயிருள்ள ஒன்றின் மேல் காப்புறுதி என்ற யோசனை எங்கிருந்து வந்தது என்று தேடினால் முதலில் அகப்படுவது கடல். 1781-ல் ஸோங் என்ற பிரிட்டிஷ் அடிமைக் கப்பல் அட்லாண்டிக்கில் வழி தவறியது. குடிதண்ணீர் போதாது என்று சொல்லி, 130-க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை மாலுமிகள் கடலில் தள்ளினார்கள். கரை சேர்ந்ததும் கப்பல் முதலாளிகள் தலைக்கு 30 பவுண்டு வீதம் காப்புறுதிப் பணம் கேட்டார்கள். 1783-ல் லண்டனில் வழக்கு நடந்தது. கொலை வழக்கு இல்லை, பணத் தகராறு. ஜூரி முதலில் முதலாளிகள் பக்கமே நின்றது. மறு விசாரணைக்கு வழிவிட்ட தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டே, சட்டத்தின் பார்வையில் இது குதிரைகளைக் கடலில் தள்ளியது போன்ற விவகாரம்தான் என்று குறிப்பிட்டார். செத்தவருக்கு அந்தப் பாலிசியில் பெயர் கிடையாது. விலை மட்டும் உண்டு. நஷ்டம் முதலாளியுடையது.

ஒரு நூற்றாண்டு தள்ளி, 1890-ல் ஸ்வீடனில் குதிரைக்கும் மாட்டுக்கும் காப்புறுதி தொடங்கினார்கள். இன்றைய செல்லப்பிராணிக் காப்புறுதியின் பிறப்பு அதுதான் என்று அந்தத் துறைக்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள். 1924-ல் அங்கே ஒரு நாய்க்குப் பாலிசி எழுதினார்கள். பிரிட்டனில் 1947. அமெரிக்காவில் 1982-ல்தான், முதல் பாலிசி 'லாஸ்ஸி' வேடம் போட்ட நாய்க்கு. அதுவும் சம்பாதிக்கிற நாய் என்பதைக் கவனிக்க வேண்டும். ஸ்வீடனில் இன்று பெரும்பாலான நாய்களுக்குக் காப்புறுதி இருக்கிறது. நூறு வருடத்தில் ஏரில் பூட்டிய குதிரையிலிருந்து சோபாவில் தூங்குகிற பூனை வரைக்கும் வந்துவிட்டார்கள். நடுவில் என்ன மாறியது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

தமிழ்நாட்டில் இது பூனையிலிருந்து தொடங்கவில்லை, பசுவிலிருந்து. 1970களின் தொடக்கத்தில் இந்தியாவில் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் நாட்டுடைமை ஆனபின், கடனில் வாங்கிய கறவை மாட்டுக்குக் காப்பீடு என்பது கிராமம் வரை போனது. கால்நடை மருத்துவர் வந்து மாட்டுக்கு மதிப்பு எழுதுவார். காதில் எண் பொறித்த வில்லை மாட்டுவார்கள். காதுவில்லை இல்லையென்றால் இழப்பீடு கிடையாது என்பதுதான் முதல் விதி. செத்த மாட்டைக் காட்டிப் பணம் வாங்கிவிட்டு, அதே பெயரில் இன்னொரு மாட்டையும் சாகடிக்கிற தந்திரத்தைத் தடுக்க வேறு வழி இல்லை. மனிதர்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான். இன்று பூனைக்குத் தோலுக்கடியில் அரிசி அளவு மைக்ரோசிப் போட்டுக் கேட்கிறார்களே, அது அந்தக் காதுவில்லையின் பேத்தி.

அடிமைக்கப்பல், குதிரை, பசு, மூன்றிலும் சூத்திரம் ஒன்றுதான். உயிருக்குச் சந்தை விலை உண்டு. போனால் அந்த விலையைக் கொடுத்து இன்னொன்று வாங்கலாம். காப்புறுதி அந்த விலைக்குத்தான், உயிருக்கு இல்லை.

இந்த இடத்தில் எங்கள் தோட்டத்துக்கு வரவேண்டியிருக்கிறது. சஞ்சிக்கூலி அடிமை இல்லை. சட்டப்படி ஒப்பந்தக்காரர், கூலி உண்டு, காலம் முடிந்தால் போகலாம். இதை மறைத்துப் பேசுவது நியாயம் இல்லை. ஆனால் கணக்குப் புத்தகம் அவரை எப்படிப் பார்த்தது என்பது வேறு கேள்வி. 1911-ல் கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர்கள் ஆயிரத்துக்கு 60 பேருக்கு மேல் செத்தார்கள். ஒரே வருடத்தில். காடு வெட்டிய இடமெல்லாம் மலேரியா. கிள்ளானில் மால்கம் வாட்சன் என்ற டாக்டர் சதுப்பை வடிய வைத்து, ஓடைக்கு எண்ணெய் தெளித்துக் காய்ச்சலைக் குறைத்துக் காட்டினார். அவரைப் போன்றவர்கள் தோட்டத் துரைகளிடம் பேசும்போது மனிதாபிமானத்தை மட்டும் பேசிப் பயனில்லை. படுத்துக் கிடக்கிற ஆளால் எத்தனை நாள் வேலை போகிறது, புது ஆளைக் கொண்டுவர எத்தனை செலவாகிறது என்று சொன்னால்தான் வடிகாலுக்குப் பணம் வரும்.

தோட்டத்து ஆஸ்பத்திரி வந்ததும் இப்படித்தான். சட்டம் கட்டாயப்படுத்தியது, முதலாளிகள் கட்டினார்கள். டாக்டர் எப்போதாவது வருவார்; அன்றாடம் டிரசர்தான் எல்லாம். பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். "காச்சலா, வயித்து வலியா, எதுக்கும் ஒரே தண்ணி மருந்துதான். குடிச்சிட்டு பெரட்டுக்குப் போ" என்று டிரசர் ஐயாவைப் போல் பேசிக்காட்டுவார். அதே பாட்டி, அந்த டிரசர் இல்லாவிட்டால் என் பெரியம்மா பிழைத்திருக்க மாட்டார் என்றும் சொல்லுவார். இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

எனக்கு அதிகம் வியப்பாக இருந்தது 1907-ல் அமைத்த தமிழர் குடிவரவு நிதி. பின்னர் இந்தியர் குடிவரவு நிதி ஆனது. அதுவரை ஒரு துரை தன் காசைப் போட்டு ஆள் கொண்டுவருவார். அந்த ஆள் பக்கத்துத் தோட்டத்துக்கு ஓடிவிட்டால் காசு போச்சு. இதற்கு முடிவு கட்ட, இந்தியர்களை வேலைக்கு வைத்திருக்கும் எல்லா முதலாளிகளும் வேலைநாள் கணக்குப்படி ஒரு பொது நிதிக்குப் பணம் கட்ட வேண்டும், அந்த நிதி கப்பல் செலவைக் கொடுக்கும் என்று ஆக்கினார்கள். எஞ்சினியர் மூளைக்கு இது உடனே புரியும். தனியாள் தாங்க முடியாத நஷ்டத்தைப் பலர் தலையில் சமமாகப் பிரித்துப்போடுவது. அசல் காப்புறுதி. ஆனால் காப்புறுதி யாருக்கு? ஆள் ஓடிப்போகிற அபாயத்துக்கு எதிராக முதலாளிகளுக்கு. அந்த நிதி பிற்காலத்தில் முதியவர்களையும் நோயாளிகளையும் ஊருக்கு அனுப்பவும் பயன்பட்டது, தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்று பெயர் மாறி நம் காலம் வரை உயிரோடு இருந்தது. 1999-ல்தான் சட்டம் போட்டுக் கலைத்தார்கள். அந்தப் பணம் யாருக்குச் சேரவேண்டியது என்ற பேச்சு தோட்டத்திலிருந்து வந்த பெரியவர்களிடம் இன்னும் ஓயவில்லை.

உடம்புக்கு நேரடியாக வந்தது 1952-ன் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். அதன் அட்டவணையைப் படித்துப் பாருங்கள். கட்டைவிரல் போனால் இத்தனை சதவீதம், ஆள்காட்டி விரல் போனால் இத்தனை, ஒரு கண்ணுக்கு இத்தனை. சம்பாதிக்கும் திறனில் எத்தனை பங்கு குறைந்தது என்று கணக்கு. குரூரமாகத் தெரியும். ஆனால் அட்டவணை இல்லாத காலத்தில் விரலுக்கு ஒன்றுமே கிடையாது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். பிறகு 1969-ல் சமூகப் பாதுகாப்புச் சட்டம், 1971-ல் சொக்சோ. இங்கேதான் முதல் தடவையாகத் தொழிலாளியே சந்தா கட்டுகிறவர், பெயருள்ளவர், தன் உரிமையாகக் கேட்கிறவர். பாட்டிக்கு அது என்னவென்று கடைசிவரை சரியாகத் தெரியாது; 'சம்பளத்துல புடிக்கிறான்' என்றுதான் சொல்லுவார். இன்று அதே லயங்களில் இந்தோனேசியர்களும் வங்காளதேசத்தவர்களும் இருக்கிறார்கள். 1990களில் சொக்சோவிலிருந்து வெளியே தள்ளப்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளர்களை 2019 ஜனவரியில்தான் மறுபடி உள்ளே எடுத்தார்கள். அம்மா சொன்ன வரிசை இப்படித்தான், இன்றுவரைக்கும், மெல்ல மெல்ல நகர்கிறது.

சரி, பூனை எங்கே?

லயத்தில் பூனைக்கு வேலை இருந்தது. அரிசி மூட்டை இருக்கிற இடத்தில் எலி இருக்கும், எலி இருக்கிற இடத்தில் பாம்பு வரும். கருவாட்டுத் தலை சம்பளம். யாரும் அதற்கு மருந்து வாங்கியதில்லை. வேப்பெண்ணெய் தடவுவார்கள், மஞ்சள் அப்புவார்கள், மற்றபடி அது பாடு. செத்தால் பக்கத்து வீட்டுக் குட்டி ஒன்று வந்துவிடும். சந்தை விலை பூஜ்யம். குதிரைக்கும் பசுவுக்கும் பொருந்திய காப்புறுதிச் சூத்திரத்தில் பூனையைப் போட்டால் விடையும் பூஜ்யம்தான்.

ஆனால் பூனையின் மதிப்பு பூஜ்யம் இல்லை என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சம்பவம் உண்டு. 1950களில் சரவாக்கில் மலேரியா ஒழிப்புக்காக வீடு வீடாக டிடிடி தெளித்தார்கள். கொசு குறைந்தது. கூடவே பூனைகளும் செத்தன. விஷம் தின்ற பூச்சியைப் பல்லி தின்று, பல்லியைப் பூனை தின்று செத்தது என்பார்கள். சுவரில் உரசி மேலெல்லாம் ஒட்டிய மருந்தை நக்கிச் செத்தது என்றும் சொல்வார்கள். பூனை போனதும் எலி பெருகிவிட்டது. 1960 மார்ச்சில் பிரிட்டிஷ் விமானப்படை பாரியோ மேட்டுநிலத்தில் பாராசூட் கட்டிப் பூனைகளை இறக்கியது. சொல்லச் சொல்ல இந்தக் கதை ஊதிப்போனது: இருபத்துச் சொச்சம் பூனை என்பதிலிருந்து பதினாலாயிரம் பூனை வரை எண்ணிக்கை ஏறியிருக்கிறது. பாராசூட்டில் பதினாலாயிரம் பூனை என்றால் அந்த விமானத்துக்குள் எத்தனை கூண்டு அடுக்க முடியும் என்று யாரும் கணக்குப் போட்டதாகத் தெரியவில்லை. எப்படியிருந்தாலும், விலையில்லாத ஒன்று இல்லாமல் போனபோதுதான் அதன் விலை தெரிந்தது. விமானச் செலவு.

இன்னொரு காட்சிக்கு ஆவணம் இல்லை, கேட்டது மட்டும்தான். 1980களிலும் 90களிலும் தோட்டங்கள் கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனையும் வீடமைப்பும் வந்தபோது, லயத்துச் சனங்கள் மலிவுவிலை அடுக்குமாடிக்குப் போனார்கள். மாட்டை விற்றார்கள், ஆட்டை விற்றார்கள். நாயும் பூனையும் லயத்திலேயே நின்றுவிட்டன. நாலாவது மாடியில் எங்கே வைப்பது? பாட்டி ஒருமுறை திரும்பிப் போனபோது கூரை பிரித்த வீட்டு வாசலில் பூனை உட்கார்ந்திருந்ததாம். அதற்குமேல் அந்தக் கதையை அவர் சொல்லமாட்டார்.

ஈப்போவில் விலங்கு வைத்தியத்துக்கு நல்ல வரலாறு இருக்கிறது. கால்நடை ஆராய்ச்சிக் கழகம் 1948-லிருந்து இங்கேதான். கோழி, பன்றி, மாடு ஆகியவற்றின் நோய்க்குத் தடுப்பூசியும் பரிசோதனையும். உற்பத்திப் பிராணிகள், அதாவது மறுபடி சந்தை விலை உள்ளவை. 1998 செப்டம்பர் வாக்கில் ஈப்போவைச் சுற்றியுள்ள பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் தொடங்கியபோது முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்தார்கள். பிறகு அது நிப்பா என்ற புதிய வைரஸ் என்று தெரிந்தது. 100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பத்து லட்சத்துக்கு அதிகமான பன்றிகளைக் கொன்றார்கள். அந்த வைரஸ் நாய்க்கும் பூனைக்கும்கூடத் தொற்றியிருந்தது. வீட்டுப் பிராணியின் உடம்பும் நம் உடம்பும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறது என்பதை அப்போது ஊரே புரிந்துகொண்டது, கொஞ்ச நாளைக்கு.

பிறகு என்ன மாறியது? சோபாவுக்கு வந்த பூனைக்குச் சந்தை விலை இன்னும் பூஜ்யம்தான். பாசார் பக்கம் போனால் அட்டைப்பெட்டியில் போட்டுச் சும்மா கொடுப்பார்கள். மாறியது வைத்தியம். முன்பு பூனைக்கு ஒன்றும் செய்ய முடியாது, அதனால் செலவும் இல்லை. இன்று ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, அறுவை எல்லாம் உண்டு. எஃப்ஐபி என்ற நோய் இதற்கு நல்ல உதாரணம். குட்டிப் பூனைகளுக்கு வயிறு உப்பிச் சாகிற நோய். பல பத்தாண்டுகளாக அது வந்தால் மரணம் நிச்சயம் என்றிருந்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் நீல்ஸ் பெடர்சன் குழு 2019-ல் ஜிஎஸ்-441524 என்ற மருந்தால் பெரும்பாலான பூனைகளைக் காப்பாற்றிக் காட்டியது. 84 நாள் தொடர்ந்து கொடுக்க வேண்டும். மருந்து கம்பெனி அதைப் பூனைக்காக விற்க முன்வரவில்லை. உலகமெங்கும் பூனைக்காரர்கள் சீனாவிலிருந்து ரகசியமாக வரவழைத்து, வாட்ஸ்அப்பில் அளவு கேட்டு, வீட்டிலேயே ஊசி போட்டார்கள். ஒரு மாதச் சம்பளம், இரண்டு மாதச் சம்பளம் என்று போகும். உரிமம் இல்லாத அந்த மருந்துக்கு எந்தக் கம்பெனியிடம் பில்லை நீட்டுவது?

ஆக, இன்றைய பூனைக் காப்புறுதி அந்தப் பழைய குதிரைக் காப்புறுதியின் வாரிசு மாதிரி தெரிந்தாலும், உள்ளே வேறு ஜந்து. பிராணி செத்தால் விலை தருவது அதன் முக்கிய வேலை இல்லை. பிராணி சாகாமல் இருக்க ஆகும் செலவைத் தருகிறது. அது காப்பது ஒரு தருணத்திலிருந்து: டாக்டர் எஸ்டிமேட் காகிதத்தை நீட்ட, நாம் அதைப் பார்த்துவிட்டு "ஊசி போட்டுத் தூங்க வச்சிடுங்க" என்று சொல்லுகிற தருணம். நோய்க்காக இல்லாமல் காசுக்காகப் போடப்படும் அந்த ஊசி எல்லா நாட்டுக் கால்நடை மருத்துவர்களுக்கும் தெரிந்த விஷயம். 2015-ன் விலங்கு நல்வாழ்வுச் சட்டம் பிராணியை நோயிலிருந்தும் வலியிலிருந்தும் காப்பது வளர்ப்பவர் கடமை என்கிறது. கடமை சரி, பில்?

மலேசியாவில் இப்போது இதற்கென்றே திட்டங்கள் உண்டு. 2021-ல் வந்த ஒன்றின் பெயர் 'ஓயென்'. செம்மஞ்சள் பூனைக்கு நம் ஊர் இளசுகள் வைத்த செல்லப்பெயர்; ஆரஞ்சு என்பதைக் குழந்தை மாதிரி மழலையில் சொல்வது. பெயரைப் பார்த்ததும் தங்கம் என்னை ஒரு பார்வை பார்த்தது போல் இருந்தது.

எழுத்தைப் பெரிதாக்கி ஷரத்துகளைப் படித்தேன். எல்லாத் திட்டத்திலும் எலும்புக்கூடு ஒன்றுதான். சேர்ந்தபின் சில வாரம் காத்திருப்புக் காலம். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு பில்லிலும் முதல் பங்கு நம்முடையது, மிச்சத்திலும் ஒரு சதவீதம் நம்முடையது, வருடத்துக்கு ஓர் உச்சவரம்பு. இவ்வளவும் ஏன் என்று கேட்டால், பழைய காதுவில்லைக் காரணம்தான்: வியாதி வந்தபின் ஓடிவந்து சேருகிறவனைத் தடுக்க வேண்டும், சும்மா தும்மினாலும் கிளினிக்குக்குத் தூக்குகிறவனைத் தடுக்க வேண்டும்.

மாதம் 50 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 600, பன்னிரண்டு வருடத்தில் 7,200. சராசரியாக எல்லாப் பூனைக்காரர்களும் கட்டுவதைவிடக் குறைவாகத்தான் திரும்பப் பெறுவார்கள். இல்லாவிட்டால் கம்பெனி நடக்காது. ஆகவே 'லாபமா' என்று கேட்பதே தப்புக் கேள்வி. ஆலையில் பம்ப்புக்கு நாங்கள் கேட்கும் கேள்வி வேறு: இது ஒரே நாளில் நின்றால் தாங்க முடியுமா? தாங்க முடிந்தால் உதிரி பாகம் வாங்கி அலமாரியில் வை. முடியாவிட்டால் மட்டும் காப்புறுதி. 300 வெள்ளி பில்லை நான் தாங்குவேன். திடீரென்று 4,000 வந்தால் கடன் அட்டைதான். அப்படியென்றால் சின்னச் செலவுக்கெல்லாம் பணம் தருகிற பகட்டுத் திட்டம் வேண்டாம். பெரிய அறுவைக்கு வரம்பு உயர்ந்த திட்டம் போதும். பம்ப்போடு ஒப்பிடுவது இதற்குமேல் ஓடாது. பம்ப் ரிப்பேர் புதுப் பம்ப்பின் விலையைத் தாண்டினால் பழையதைக் கழற்றி எறிவோம். மணியின் புது விலை பூஜ்யம் என்பதால் முதல் தும்மலிலேயே எறிந்துவிட முடியுமா?

அம்மாவின் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. மனிதர்களின் மெடிக்கல் கார்டே இங்கே ஆட்டம் கண்டிருக்கிறது. 2024-ல் பிரீமியம் 40, 50 சதவீதம் ஏறப்போவதாகக் கடிதங்கள் வந்து கலவரமாகி, அந்த டிசம்பரில் பேங்க் நெகாரா தலையிட்டு ஏற்றத்தைக் குறைந்தது மூன்று வருடத்துக்குப் பரப்பச் சொன்னது. அம்மா வயதில் புதிதாக எடுப்பது எங்களால் ஆகாது. அதனால் முதலில் அம்மாவுக்கு என்று ஒரு சேமிப்பைத் தனியாகத் தொடங்கினேன். மாதம் பூனைக்குக் கட்டுவதைவிட அதிகம். வரிசை என்று ஒன்று இருந்தால் அதை மதித்துவிட்டுப் போகலாம். பூனைக்குச் செய்வதால் அம்மாவுக்குக் குறைகிறது என்ற பேச்சு வீட்டில் வரக்கூடாது.

கூட்டுப் போடுவது பற்றியும் யோசித்தேன். தோட்டத்தில் கல்யாணமா, ஆஸ்பத்திரிச் செலவா, கூட்டுதான் கைகொடுக்கும். பத்துப் பேர் மாதம் ஆளுக்கு இவ்வளவு, முறை வைத்து ஒருவர் எடுப்பார். அவசரம் என்றால் முறையை விட்டுக்கொடுப்பார்கள். மலாய்க்காரர்கள் 'குத்து' என்பது நம் சொல்தான். 1971-ல் இதைத் தடை செய்த சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே 'கூட்டு' என்று இருக்கிறது. பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடியவர்கள் அத்தனை பேர். இன்னொரு பக்கம், தோட்டத் துண்டாடலின்போது சுங்கை சிப்புட்டுக்காரரான துன் சம்பந்தன் 1960-ல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளிகளிடம் சில்லறை சில்லறையாகச் சேர்த்து எஸ்டேட்டுகளையே வாங்கியது. பலர் சேர்ந்து ஒரு நஷ்டத்தைத் தாங்குவது நம் ஆட்களுக்குப் புதிதில்லை. ஆலையில் பூனை வளர்ப்பவர்கள் ஆறு பேர் இருக்கிறோம். பேசிப் பார்த்தேன். ஆறு பேர் போதாது; ஒரே வருடத்தில் இரண்டு பூனைக்கு அறுவை வந்தால் நிதி காலி. காப்புறுதிக்கு எண்ணிக்கை வேண்டும், அதுதான் அதன் ரகசியம் எல்லாமே.

நான் பார்த்த திட்டத்தில் எட்டு வயதுக்கு மேற்பட்ட பூனையைப் புதிதாகச் சேர்ப்பதில்லை. மணிக்கு வாசலிலேயே கதவு சாத்தியாயிற்று. அதற்கு மாதம் 50 வெள்ளி தனிக் கணக்கில் போடுகிறேன், கையால் எழுதிய சிட்டையோடு. தங்கத்துக்குப் பாலிசி எடுத்தாயிற்று. விண்ணப்பத்தில் இனம் என்ற இடத்தில் உள்ளூர்க் குட்டைமயிர் என்பதைத் தேர்ந்தெடுத்தேன். எவ்வளவு விலைக்கு வாங்கியது என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டால் ஏற்கவில்லை, ஒரு வெள்ளி என்று போட்டேன். அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "கடைசிப் பேரு என்ன போடுற, அப்பா பேரா?" என்று கேட்டார். காத்திருப்புக் காலம் முடிய இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. அதுவரை பால்கனிக் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறோம்.